ஆறு வாரம் பேசாத பாஸ்டர்

போதகர் வேலைக்குச் சாமான்கள் அதிகம் தேவையில்லை; ஒரு வேதாகமம், ஒரு குடை, பழுதில்லாத ஒரு தொண்டை, இவ்வளவு போதும். முதல் இரண்டும் கெட்டுப்போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். எனக்குப் போன வருஷம் கெட்டுப்போனது மூன்றாவது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊழியம் செய்கிறேன். சபை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராதான் எங்கள் ஆலயம். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டுப் போன கட்டடம் அது. இப்போது அதே இடத்தில் நான் பெரியவர்களைத் தூங்க வைப்பதாக என் மனைவி எஸ்தர் சொல்வாள். நாற்பது பேர் வருவார்கள், மழை பெய்தால் குறைவார்கள். ஆசிரியர்களே, பஸ் கண்டக்டர்களே, சக போதகர்களே, தொண்டையை நம்பிச் சோறு சாப்பிடுகிற எல்லாரும் இதைக் கொஞ்சம் கேளுங்கள். நமக்கு வரக்கூடியது ஒரே வியாதிதான்.

டொக்டர் விரலை வைத்தார்

மூன்று மாதமாகக் குரல் கரகரத்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், இஞ்சி மென்றேன், பிரசங்கத்தை மட்டும் குறைக்கவில்லை. கடைசியில் தொண்டை டொக்டரிடம் போனேன். அவர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, திரையில் என் குரல்வளையைக் காட்டினார். அரிசி மணி அளவில் இரண்டு முடிச்சு இருந்தது. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, இரகசியம் பேசுவதுபோலக் கிசுகிசுக்கவும் கூடாது என்றார். முடிச்சு கரையாவிட்டால் ஒப்பரேஷன் செய்யவேண்டும், அதற்குப் பிறகு பிரசங்கம் செய்ய முடியுமா என்பதை அப்போதுதான் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். "பாட்டுப் பாடலாமா?" என்று கேட்டேன். அவர் தன் உதட்டில் விரலை வைத்து, "கதா கரன்ன எபா," என்றார். பேசவே கூடாது என்று சிங்களத்தில் இவ்வளவு சின்னதாகச் சொல்லிவிடலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. எனக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிடப் பெரிய பயம் அந்த நாற்பது பேரைப் பற்றியது. ஒவ்வொரு ஞாயிறும் அவர்களை அந்தக் கட்டடத்தில் பிடித்து வைத்திருப்பது என் குரல்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது நின்றுபோனால் ஆறு வாரத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து டொக்டர் எழுதித் தந்த துண்டுத் தாளை எஸ்தரிடம் நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள், என் தலையைத் தடவிக் கொடுத்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து இப்பதாங்க நான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்கப் போறேன்."

கொப்பியும் ரியாஸ் நானாவும்

கழுத்தில் பேனையும் கையில் எண்பது பக்கக் கொப்பியுமாகத் திரிந்தேன். பேசாத மனிதனைக் கண்டால் ஜனங்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. பாதிப்பேர் என்னிடம் கத்திப் பேசினார்கள். மீதிப்பேர் கையை ஆட்டிச் சைகை காட்டினார்கள்.

பஸாரில் ரியாஸ் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனேன். பதினைந்து வருஷமாக அவரிடம்தான் சாமான் வாங்குகிறேன். கொப்பியில், 'சீனி ஒரு கிலோ, பருப்பு அரைக் கிலோ' என்று எழுதி நீட்டினேன். நானா வாசித்தார். அவர் முகம் வாடிப்போனது. என் கையிலிருந்த பேனையை வாங்கி, அதற்குக் கீழே அழகான கையெழுத்தில், 'சீனி ஈக்கி, எடுக்கலாம். பருப்பு நாளைக்கு வரும்' என்று எழுதிக் காட்டினார். நான் 'தேயிலை?' என்று எழுதினேன். அவர் 'எவ்வளவு?' என்று எழுதினார். இப்படி அரைப் பக்கம் போயிற்று. அந்த நேரம் பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான், நான் துள்ளித் திரும்பினேன். நானா பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ்டர், ஒங்களுக்குக் காது கேக்குதா? அப்ப என்னத்துக்கு நான் இவ்வளவு நேரம் எழுதின?"

எஹலியகொடையில் ஒரு செவ்வாய்க்கிழமை

மாதத்தின் முதல் செவ்வாய் எங்கள் போதகர் ஐக்கியம் கூடும். எஹலியகொடையில் பாஸ்டர் நிமலின் மண்டபத்தில் தமிழரும் சிங்களவருமாகப் பன்னிரண்டு பேர் இருப்போம். ஒரு சரணம் தமிழில், ஒரு சரணம் சிங்களத்தில் பாடுவோம். தேநீர் குடித்ததும் ஒவ்வொருவரும் தன் ஊழியத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும், அது வழக்கம். மற்ற நாட்களில் எப்படியோ, அந்தச் செவ்வாயில் எல்லாச் சபைகளும் வளர்ந்துகொண்டிருக்கும். அதில் நான் கெட்டிக்காரன். காற்றில் எங்கள் ஆலயக் கூரை பறந்த மாதம்கூட, "கர்த்தர் எங்களுக்குப் புதிய கூரைக்கு வழி திறந்திருக்கிறார்," என்று எழும்பி நின்று சொன்னவன் நான்.

அந்த மாதம் அவிசாவளையில் பஸ் மாறி, கொப்பியோடு போய் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. 'கர்த்தர் நல்லவர். இந்தச் சோதனையின் நேரத்திலும்…' என்று எழுத ஆரம்பித்தேன். பதினொரு பேர் ஒரு பேனையையே பார்த்துக்கொண்டிருந்தால் எழுதுகிறவனுக்குக் கூச்சமாக இருக்கும். வாயால் சொன்னால் இதெல்லாம் ஓடிப்போய்விடும். எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில், 'பயமாக இருக்கிறது. என் சபை கலைந்துவிடும்' என்று எழுதிப் பக்கத்தில் இருந்த பாஸ்டர் சாமுவேலிடம் கொடுத்தேன்.

சாமுவேல் கலவானையில் ஊழியம் செய்கிறவர், என் வயதுக்காரர். அவர் அதை உரத்து வாசித்து, சிங்களத்திலும் சொன்னார். யாரும் ஆமென் சொல்லவில்லை. அவர் கொப்பியைத் திருப்பித் தரவுமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, தன் சபையில் இளசுகள் எல்லாம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதாகவும், ஏழு பேர்தான் மிச்சம் என்றும், தான் இங்கே மாதாமாதம் ஐம்பது என்று சொல்லி வந்தது பொய் என்றும் சொன்னார். சனிக்கிழமை ஆனால் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றார். நிமல் எழும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர் பேசினார், அதற்குப் பிறகு இன்னொருவர். நாலு மணி பஸ்ஸை எல்லாரும் தவறவிட்டோம். எழும்பும் முன் என் ஆறு ஞாயிறுக்கும் ஆள் போட்டாகிவிட்டது. அன்றைக்கு நான் அடைந்த ஆறுதலை இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் கன்வென்ஷனிலும் அடைந்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் சாமுவேல் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். "ஒங்க தொண்ட சரியானாலும் பாஸ்டர், இந்தக் கொப்பிய மட்டும் மாசா மாசம் கொண்டாங்க."

பின் வாங்கிலிருந்து

முதல் ஞாயிறு சாமுவேல் வந்தார். தன் ஏழு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கலவானையிலிருந்து வந்திருந்தார். அவர்கள் எங்கள் பெண்களோடு சேர்ந்து பாடியபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் பின் வாங்கில், ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில், உட்கார்ந்திருந்தேன். என் சபையின் முதுகை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆலயத்தில் இருந்த ஒரே ஃபேன் பிரசங்கியாருக்கு மட்டும்தான் காற்று வீசுகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது ஞாயிறு நிமலின் முறை. சிங்களவரான அவர் தமிழில்தான் பேசுவேன் என்று அடம்பிடித்து, முழுப் பிரசங்கத்தையும் தமிழில் தயாரித்து, சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து நிமிடம் நன்றாகப் போயிற்று. பிறகு காற்றில் ஒரு தாள் வெளியே பறந்து சேற்றில் விழுந்தது. நிமல் பயப்படவில்லை. சொல் வராத இடத்தில் சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சபையைப் பார்ப்பார், யாராவது தமிழில் எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் பாட்டுக்களை நடத்துகிற செல்வராணி அக்கா நாலைந்து தடவை எடுத்துக் கொடுத்தார். போகப் போக ஜனங்கள் சொல் மட்டுமல்ல, உதாரணமும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆராதனை முடிந்து வெளியே வந்த செல்வராணி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க பேசுனா நாங்க சும்மா ஒக்காந்திருப்போம் ஐயா. இன்னைக்கு எல்லாத்துக்கும் வேலை இருந்துச்சு."

செல்வராணி அக்காவின் பேச்சு

இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். அவர் றப்பர் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிற தொழிலாளி. நாலாவது வாரத்தில் ஒரு நாள், பகல் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, றப்பர் பால் காய்ந்த கையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நாலு வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்க ஆராதனையை நடத்தியது நான்தான். ஆறுதல் வசனங்கள் நிறையச் சொன்னேன்.

"அவன் படுக்கையில கெடந்தப்ப ராவு பகலா ஜெபம் பண்ணுனேன் ஐயா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு ஜெபமும் பண்ணல," என்றார். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். ஞாயிறுதோறும் முன்னால் நின்று பாடுகிறவர் அவர். என் பார்வை அவருக்குப் புரிந்தது. "பாட்டு யாரோ எழுதுனது, பாடிறலாம். ஜெபம்னா நானேல்ல சொல்லணும்?" என்றார். என் மனதில் உடனே ஒரு வசனம் வந்தது. பேனையைத் திறந்து அதிகாரத்தின் இலக்கத்தையும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. கொப்பியை மூடி வைத்தேன். அவர் ஒரு மணி நேரம் மகனைப் பற்றிப் பேசினார். அவன் எப்படிச் சிரிப்பான், எதற்குச் சண்டை போடுவான், கடைசி நாளில் என்ன சாப்பிடக் கேட்டான் என்றெல்லாம் சொன்னார். நான் அழுதேன். எஸ்தர் தேத்தண்ணி கொண்டு வந்தாள், மூன்று பேரும் குடித்தோம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இதைச் சொல்ல முந்தியும் நாலஞ்சு தடவ வந்தேன் ஐயா. ஒவ்வொரு தடவையும் நீங்க நடுவுல ஜெபம் பண்ணி அனுப்பிட்டீங்க."

பத்து நிமிடம்

ஆறு வாரம் முடிந்தது. ஒரு முடிச்சு கரைந்துவிட்டது, மற்றது பாதியாகிவிட்டது என்றார் டொக்டர். ஒப்பரேஷன் வேண்டாம். சபைக்கு முன்னால் பத்து நிமிடம் பேசலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போனேன். நாற்பது பேரும் இருந்தார்கள், சாமுவேலின் ஏழு பேரும் இருந்தார்கள், பின் வாங்கில் சாமுவேலும் நிமலும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஃபேனைச் சபையின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எஸ்தர் பிரசங்க மேசையில் ஓர் அலாரம் மணிக்கூட்டை வைத்தாள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நன்றி சொல்லவே பத்து நிமிடமும் போய்விட்டது, மணி அடித்தது.

முடிவு ஜெபம் மிச்சம். அந்த ஆறு வாரத்தைத் தவிர அதை இருபத்திரண்டு வருஷமும் நான்தான் செய்திருக்கிறேன், சபையில் வேறு யாரையும் செய்யவிட்டதில்லை. எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்து காத்திருந்தார்கள். நிமலையும் சாமுவேலையும் பார்த்தேன், அவர்களும் கண்ணை மூடியிருந்தார்கள். கூரையில் மழை பெய்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆண்டவரே, எங்க ஐயாவோட தொண்டையப் பாத்துக்குங்க. எங்களையும் பாத்துக்குங்க. எம் புள்ள ஒங்ககிட்டதான் இருக்கான், அவனையும் பாத்துக்குங்க. ஆமென்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். வாசலில் செல்வராணி அக்காவுக்குக் கை கூப்பினேன். அவர் குடையை விரித்துக்கொண்டே, பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்பதுபோலச் சொன்னார்: "நீங்க பாதியில நின்னுட்டீங்க ஐயா. யாராச்சும் முடிக்கணும்ல?"

இன்றைக்கும் எனக்கு அதே பத்து நிமிடம்தான். அதைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள் என்று சபையில் ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை என்பதை, தொண்டையை நம்பிப் பிழைக்கும் நண்பர்களே, உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.