ஆறவிட்ட கருவி

சமையலறையிலிருந்து டமாரென்று ஒரு சத்தம். கூடத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவருக்கு அது என்னவென்று பார்க்காமலே தெரியும். கொஞ்ச நாளாகவே அவர் மனைவியின் வலது கையில் எதுவும் நிற்பதில்லை.

“ஒண்ணுமில்லங்க, டம்ளருக்குக் கால் முளைச்சிடுச்சு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எதிரே இருந்த, மனைவி வேலை செய்யும் இடத்தின் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் வந்திருப்பதே அந்தக் கைக்காகத்தான்.

மனைவிக்கு ஆன்லைன் சாமான் கிடங்கில் வேலை. கையில் பிடித்திருக்கும் கருவியின் திரையில் சாமான் பெயர் வரும். அலமாரியில் தேடி எடுத்துக் கட்டைவிரலால் தட்டினால் அடுத்த பெயர் வரும். அந்த வேகத்தைப் பார்த்துக் கிடங்கே வைத்த பட்டப்பெயர், மின்னல். வலியென்று வாய் திறந்தால் கருவியைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், ராத்திரியெல்லாம் வீங்கிய கட்டைவிரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். பார்க்கப் பொறுக்காமல் புருஷன்தான் அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டார்.

இடது கையால் டீயை வைத்துவிட்டு, புருஷனை ஒரு முறை முறைத்தாள் மின்னல்.

“எனக்கு ஒண்ணுதான் புரியலம்மா” என்றார் அதிகாரி. “மணிக்கொரு தடவை உங்க கருவி தானா அணையுது. அஞ்சு நிமிஷம் வேலை செய்ய முடியாது. அப்புறம் எப்படி விரல் இப்படி வீங்கிச்சு?”

டிரைவரும் நாற்காலி நுனிக்கு வந்தார். அவர் மண்டையைக் குடைந்த கேள்வியும் அதுதான்.

“அணைஞ்சா சும்மா கிடக்கிற வேற கருவிய எடுத்துப்பேன். பக்கத்து வரிசைக்காரியும் அப்படித்தான்.”

“எதுக்கு?”

“சூடாகுதுன்னுதானே அணைக்கிறீங்க? இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்குது பாவம். அது ஆறட்டும்னு ஓரமா வைப்போம்.”

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். “அது கருவி ஆறுறதுக்கில்லம்மா. உங்க கை ஆறுறதுக்கு.”

டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவி முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கட்டைவிரலை கவனிக்காமல் விட்ட தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

“அணையும்னு சொன்னோம். எதுக்குன்னு சொல்லாம விட்டது எங்க தப்பு” என்றார் அதிகாரி.

“அப்போ... என்னை நிறுத்திடுவீங்களா மேடம்?”

“யார் சொன்னா? டாக்டர்கிட்டக் காட்டுங்க. கை சரியாகுற வரைக்கும் கருவியத் தொடாத வேலை, அதே சம்பளம். அப்புறம் தள்ளுவண்டியில மாட்டிக் கொடுக்கச் சொல்றேன். கையில பிடிக்கவே வேணாம். பக்கத்து வரிசைக்காரியையும் நாளைக்குப் பார்க்கிறேன்.”

“வண்டியில மாட்டினா வேகம் குறையுமே.”

“மின்னல் கொஞ்சம் மெதுவாத்தான் அடிக்கட்டுமே” என்றார் டிரைவர்.

“உங்களுக்கு இருக்கு, அவங்க போகட்டும்” என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி.

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வழியனுப்பிய மின்னலின் வலது கை பழக்கத்தில் தாழ்ப்பாளுக்குப் போனது. டிரைவர் அதைப் பிடித்து மெல்லத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைச் சாத்தினார்.