ஆமென் சத்தத்தில் சேர்ந்த வாக்கியம்

பாஸ்டர் வீடுன்னா எந்நேரமும் பாட்டும் ஜெபமுமா அமைதியா இருக்கும்னு ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, தெரியும். மிக்ஸி போடக்கூடாது. பக்கத்து வீட்டம்மா வந்தா வாசல்லயே நின்னு ரகசியம் பேசி அனுப்பணும். எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசைக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவுல நடந்துக்கிட்டே சுவரைப் பார்த்துப் பேசிட்டிருப்பார். மறுநாள் பண்ணப்போற பிரசங்கம். நான் பீன்ஸ் நறுக்கிட்டே கேக்கணும்.

"இந்த இடம் புரியுதா?"

"புரியுது."

"சும்மா சொல்றியா?"

"சும்மாதான் சொல்றேன். அடுப்புல பால் இருக்கு, ஆளை விடுங்க."

அவ்வளவுதான், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். அப்புறம் அந்த இடத்தை அடிச்சிட்டு வேற மாதிரி எழுதுவார். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கூத்துதான்.

"மாப்பிள்ளைக்கு என்ன, வாரத்துல ஒரு நாள் வேலை"ன்னு என் கூடப்பிறந்த அண்ணனே ஒரு தடவை சொன்னான். எனக்கு வந்த கோபத்துல அவன் தட்டுல ஊத்தவேண்டிய குழம்பை மேசையில ஊத்திட்டேன். ஒரு நாள் வேலையாம்! செவ்வாய்க்கிழமை வேத பகுதியை எடுத்துக்கிட்டு உக்காருவார். வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணும் வராது, பேயறைஞ்ச மாதிரி திரிவார். நடுவுல கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கமிட்டிச் சண்டை எல்லாத்துக்கும் ஓடணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு ஆராதனை முடிச்சு வந்து, சட்டையைக்கூடக் கழட்டாம கட்டில்ல விழுவார். திங்கக்கிழமை காலையிலேயே அடுத்த ஞாயிறு பயம் தொடங்கிடும். "முந்நூறு பேர் சோலியை விட்டுட்டு வந்து உக்கார்றாங்கம்மா. நான் வாயில வந்ததைச் சொல்லிட்டு இறங்கினா அது பாவமில்லையா?"ன்னு கேப்பார். இத்தனை வருஷம் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஆள் பாதியாயிட்டார்.

அந்த வாரம் ரெண்டு சாவு. ஒண்ணு வயசான சாவு. இன்னொண்ணு சின்ன வயசுக்காரர், லாரி ஓட்டினவர், ரெண்டு கைப்பிள்ளைங்க. அந்த வீட்டுலயே மூணு நாள் கிடந்தார் இவர். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தப்போ தொண்டை கட்டிப்போய் பேச்சே வரல. நடக்கவும் இல்ல, சுவரைப் பார்த்துப் பேசவும் இல்ல. பாதிப் பிரசங்கம்தான் எழுதியிருந்தார். "மீதியை ஆண்டவர் பார்த்துக்குவார்"னு சொல்லிட்டுப் படுத்துட்டார்.

ஞாயிறு காலையில பிரஷர் மாத்திரையை நான்தான் கையில குடுத்தேன். முழுங்கிட்டு, அங்கியை மாட்டிக்கிட்டுப் போனார்.

பிரசங்கம் வைத்தியர்கள்கிட்ட அலைஞ்சு அலைஞ்சு ஓய்ஞ்சுபோய், கடைசியில ஆண்டவர் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமான ஒரு பொண்ணைப் பத்தி. முதல் பாதி நல்லாத்தான் போச்சு. எழுதினது தீர்ந்ததும் இவர் குரல் ஏற ஆரம்பிச்சது. குரல் ஏறினா சபையும் ஏறும். அங்கே ஒரு ஆமென், இங்கே ஒரு ஆமென். மூணு நாளா அழுத முகங்களையே பார்த்திட்டிருந்த மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? பட்டினி கிடந்தவன் முன்னால இலை போட்ட மாதிரி. அந்த வேகத்துலதான் அது வந்துச்சு: "உன் கையில இருக்கிற ஊசியையும் மாத்திரையையும் தூக்கிப் போடு! கை காலியானாத்தான் அவர் வஸ்திரத்தைப் பிடிக்க முடியும்!"

ஆமென் சத்தத்துல கூரை அதிர்ந்துது. நான் மூணாவது வரிசையில உக்கார்ந்து, 'இது சனிக்கிழமை எழுதினதுல இல்லையே'ன்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிட்டோம்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும், லிஃப்ட்காரர் பெண்டாட்டி சமையலறை வாசல்ல வந்து நின்னா. பெரிய பெரிய கட்டடங்கள்ல லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் அவ புருஷன். தங்கமான மனுஷன், ஒரு ஆராதனை தவறவிட மாட்டார். ஆனா சர்க்கரை வியாதி, ரெண்டு வேளை இன்சுலின் போடணும். கால்ல வேற ஒரு புண்ணு ஆறாம இருந்துது.

"அம்மா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேருந்து வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து ஊசி மருந்தெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டுட்டாரும்மா. நான் வாங்கிட்டு வந்ததையும் உடைச்சுட்டாரு. காலு கறுத்துக்கிட்டு வருது. கேட்டா, ஐயா சொல்லிட்டாங்கங்கிறாரு."

உள்ளே மேசையில இவர் அடுத்த வாரத்துக்கு எழுதிட்டிருந்தார். பேனா நின்னுது. நான் திரும்பிப் பார்த்தப்போ எழுந்து வாசலுக்கு வந்துட்டார்.

செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம மூணு பேரும் ஓடினோம். எங்களைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது, நொண்டிக்கிட்டே எழுந்து நாற்காலி இழுத்துப் போடறார். "ஐயாவே வந்துட்டீங்க! காப்பி போடு"ன்னு பெண்டாட்டியை விரட்டறார்.

இவர் உக்காரவே இல்ல. "தம்பி, நான் சொன்னது தப்பு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவர் சிரிச்சார். "ஐயாவுக்கு என்மேல பாசம். அதனால சொல்றீங்க."

"பாசமில்ல தம்பி, தப்பாச் சொல்லிட்டேன். உளறிட்டேன்."

"ஐயா, வீட்டுல வந்து சொல்றப்போ நீங்க என் அண்ணன் மாதிரி. மேடையில நின்னா அப்படியில்லையே. அங்கே வர்றது உங்க வார்த்தை இல்ல, ஆண்டவர் வார்த்தைன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

இவர் அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். கெஞ்சினார். ஒரு கட்டத்துல அவர் காலடியில தரையிலேயே உக்கார்ந்துட்டார். மனுஷன் அசையல. எனக்குப் பொறுக்கல. "அப்போ எழுந்திரிங்க! சர்ச்சைத் திறக்கச் சொல்றேன். அங்கியைப் போட்டு மேடையில ஏத்தறேன், அங்கே நின்னு சொல்லட்டும்! கேப்பீங்களா?"ன்னு கத்தினேன்.

"சபை இல்லாம பிரசங்கமாம்மா?"ன்னார் அமைதியா.

சரி, சபைதானே வேணும்? வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் வாங்க, அவசரம்னு ஒருத்தர் விடாம சொன்னேன். கமிட்டிச் செயலாளர் மட்டும் மூச்சு வாங்க நேர்ல வந்தார். "ஐயா, ஆஸ்பத்திரிக்கு வலுக்கட்டாயமாத் தூக்கிட்டுப் போயிடலாம். மேடையில ஏறித் தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு தடவை சொல்லிட்டா, நாளைக்கு நீங்க சொல்ற எதை ஜனம் நம்பும்?"

அந்தக் கேள்வி இவருக்கு வலிச்சுது. இவர்கிட்ட இருக்கிற சொத்தே அந்த நம்பிக்கை ஒண்ணுதான். அப்புறம், "அங்கியை எடு"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னார்.

வேலையிலேருந்து நேரா வந்தவங்க, பிள்ளைங்களை ஸ்கூல் பையோட இழுத்துட்டு வந்தவங்கன்னு பாதி சர்ச் நிறைஞ்சுது. லிஃப்ட்காரரைச் செயலாளரே தன் கார்ல கொண்டுவந்து முதல் வரிசையில உக்கார வச்சார். பாட்டு இல்ல, ஒண்ணுமில்ல. இவர் மேடையில ஏறினார். கையில காகிதம்கூட இல்ல.

"போன ஞாயிறு இதே இடத்துல நின்னு, ஊசியையும் மாத்திரையையும் தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன். அது ஆண்டவர் சொன்னது இல்ல. நான் சேர்த்தது. நீங்க ஆமென் சொல்லச் சொல்ல எனக்கு ருசி கண்டுபோச்சு. இன்னும் ஒரு ஆமென் வேணும்னு இருந்துது. அதைச் சொன்ன அன்னிக்குக் காலையிலகூட நான் பிரஷர் மாத்திரை முழுங்கிட்டுத்தான் வந்தேன். என்னை மன்னிச்சிடுங்க. மருந்து சாப்பிடறவங்க சாப்பிடுங்க. தம்பி, நீங்க இப்பவே போங்க."

இத்தனை வருஷத்துல இவர் பேசி முடிச்சு ஒரு ஆமென்கூட வராம இருந்தது அன்னிக்குத்தான். லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். அப்புறம் பெண்டாட்டி தோளைப் பிடிச்சு எழுந்தார். "மேடையில சொல்லிட்டீங்கல்ல, போறேன் ஐயா"ன்னார். செயலாளர் கார் சாவியோட முன்னால ஓடினார். மறுநாள் டாக்டர், ரெண்டு விரலை எடுக்கணும், காலைக் காப்பாத்திடலாம்னு சொன்னார். விரலோட போச்சேன்னு நான் அழுதேன். இவர் அழக்கூட இல்ல, அவ்வளவு களைச்சுப் போயிருந்தார்.

ஆனா கூட்டம் நடந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதோட முடியல. கூட்டம் கலைஞ்சதும் வழக்கம்போல இவர் வாசல்ல நின்னு கை குலுக்கிட்டிருந்தார். போதும், வீட்டுக்குப் போய்ப் படுங்கன்னு சொல்ல நான் பக்கத்துல போனேன். அப்போ யூனிஃபார்ம் தைக்கிற அக்கா வந்தாங்க. எப்பவும் பின்வரிசையில உக்கார்ந்து, யார்கிட்டயும் பேசாமப் போறவங்க. இவர் கையைப் பிடிச்சாங்க, விடல.

"ஐயா, முன்னாடி ஒரு தடவை பிள்ளைங்களைப் பத்திப் பேசினீங்க. பேச்சை மீறிப் போன பிள்ளை மனந்திரும்பாம வந்து தட்டினா, கதவைத் திறக்காதீங்கன்னு சொன்னீங்க. என் மக வந்து தட்டினா. மழை பெஞ்சுது. நான் திறக்கல. அப்புறம் அவ வரவே இல்ல." குரல்ல கோபமே இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. "அது ஆண்டவர் சொன்னதா ஐயா, இல்ல நீங்க சேர்த்ததா?"

நான் இவர் மூஞ்சியைப் பார்த்தேன். அப்படி ஒரு பிரசங்கம் பண்ணினதே இவருக்கு ஞாபகம் இல்ல. அந்த அக்காவுக்குப் பின்னால இன்னும் வரிசை நின்னுட்டிருந்தது.