கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம்

பிரான்சின் லிமோஜ் நகரத்தில் பேருந்து ஓட்டும் தனுட்டா போலந்துக்காரி. அவள் கல்யாணத்துக்கு வராத ஒரே சொந்தம், கணவன் லூக்கை வளர்த்த பெரியப்பா அன்செல்ம். அவர் வாயால் 'நம்ம வீட்டுப் பொண்ணு' என்று கேட்காமல் லூக்குக்கு நிம்மதியில்லை. அதற்காகவே அந்த ஞாயிறு மதியம் இருவரும் அவர் பண்ணைக்குப் போனார்கள்.

மரியாதை என்றெண்ணி, தனுட்டா முட்டைக்கோஸ் சூப்பை ரொட்டியால் வழித்துத் துளி விடாமல் சாப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தால், மற்ற இருவர் கிண்ணத்திலும் ஒரு வாய் மிச்சம். பெரியவர் சிவப்பு ஒயின் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, இப்படித் துடைச்சு வச்சா எங்க ஊர் வழக்கப்படி ஒயினை எதுல கலந்து குடிக்கிறது? உங்க ஊர்ல பஞ்சமா?"

லூக்கின் முகம் வெளுத்துவிட்டது.

"சூப்பு அப்படி இருந்தா நான் என்ன மாமா பண்ண? இன்னொரு கரண்டி ஊத்துங்க. இந்தத் தடவை மிச்சம் வைக்கிறேன்."

வைத்தாள். அவர் ஒயினை ஊற்றினார். கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

பெரியவர் லூக்கின் பக்கம் திரும்பினார்.

"நீ என்னடா இன்னும் கிண்ணத்தை வச்சுக்கிட்டு முழிக்கிறே? நம்ம வீட்டுப் பொண்ணைப் பாத்துக் கத்துக்க."