ஞாபகம் அண்ணன்

பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே சாலையில் வண்டி ஓட்டுகிற அந்த மனிதர், இன்றைக்கும் புறப்படுவதற்கு முன்னால் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். காலை நீட்டுகிறார், மடக்குகிறார். கண்ணாடியில் விரல் ரேகை தெரிகிறதா என்று தலையைச் சாய்க்கிறார். நேற்றைய பயணி விட்டுப்போன வாசனை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்க்கிறார். "நாள் முழுக்க நான் பாக்குறது ரோடு. அவங்க பாக்குறது என் பின்மண்டை. அங்கேருந்து எல்லாம் எப்படி இருக்குன்னு நமக்குத் தெரிய வேணாமா?" என்பார்.

அந்தச் சாலை இணைக்கும் இரண்டு நகரங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு பகல் பயணம். ரயிலில் போனால் அதில் பாதிகூட ஆகாது. ஆனால் ரயில் எங்கும் நிற்காது. இவர் மூன்று இடங்களில் நிற்பார். முதலில் ஒரு பழைய கல்பாலம், அப்புறம் ஒரு ஏரி, கடைசியில் ஒரு கோட்டை. கோட்டையின் வாசல் மேற்குப் பார்த்தது. வெயில் சாயாமல் அங்கே போனால் போட்டோவில் வாசல் இருட்டுக் குகை மாதிரி விழும். அதனால் ஏரியில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துவார். டயரைத் தட்டுவார், பானெட்டைத் திறந்து ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்ப்பார். கோட்டைக்குள் மட்டும் அவர் இதுவரை காலடி எடுத்து வைத்ததில்லை. வண்டியை யார் பார்த்துக்கொள்வது?

பயணிகளைக் கதவு சாத்துகிற சத்தத்திலேயே எடைபோட்டுவிடுவார். பூப்போல மெல்லச் சாத்தினால் புதுசாகக் கல்யாணமானவர்கள். ஓங்கி அறைந்தால் ஹோட்டல் அறையிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஒருவர் சாத்தியதை இன்னொருவர் திறந்து மறுபடி சாத்தினால் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். "இதுல நான் தப்பினதே இல்ல" என்று மார்தட்டுவார். தப்பிய கதைகளை மற்ற ஓட்டுநர்கள்தான் சொல்வார்கள்.

நின்ற இடத்திலெல்லாம் வீட்டிலிருந்து மனைவியின் போன் வரும். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துல."

"பாத்து."

பாலத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை, அந்த அம்மாவும் சொன்னதில்லை. போன் வராத நாளில் மட்டும் கியர் மாற்றும்போது வண்டி கொஞ்சம் உறுமும்.

வண்டி நிறுத்தத்தில் அவருக்கு 'ஞாபகம் அண்ணன்' என்று பெயர். காரணம், அவர் தொழில் நடத்துகிற விதம். "நாங்க முன்னாடியே உங்க வண்டியில வந்திருக்கோம்" என்று எந்தப் பயணி சொன்னாலும் கை ஸ்டீயரிங்கை விட்டு நெஞ்சுக்குப் போய்விடும். "இல்லாமலா சார்? நல்லா ஞாபகம் இருக்கு!" அவ்வளவுதான். பயணியின் முகம் மலர்ந்துவிடும். ஊரெல்லாம் சுற்றுகிற ஒரு மனிதர் தன்னை மறக்காமல் வைத்திருக்கிறார் என்பதில் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

"இவருக்கு மச்சினிச்சி பேரே ஞாபகம் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில பாத்துட்டு, யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாராம்" என்று ஒல்லியான ஓட்டுநர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

"டேய், மச்சினிச்சி என்ன திரும்பத் திரும்பவா என் வண்டியில ஏறுறா?" என்பார் இவர்.

இந்த வித்தை ஒரே ஒரு தரம் காலை வாரியிருக்கிறது. ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள். தான் ஏற்கெனவே இந்த வழியில் வந்திருப்பதாகக் கணவன் சொன்னான். இவர் உற்சாகத்தில் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டார். "ஞாபகம் இருக்கு சார்! நீங்களும் அம்மாவும் ஏரியில ஐஸ்கிரீம் சாப்பிட்டீங்களே!"

பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது: "எந்த அம்மா?"

ஆபீஸ் மேனேஜரோடுதான் வந்தேன் என்று அவன் பாலம் வரை சத்தியம் செய்தான். அந்தப் பெண் பாலத்தில் இறங்கவில்லை, ஏரியில் இறங்கவில்லை, கோட்டையிலும் இறங்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் இறங்கினாள். கதவைச் சாத்தவே இல்லை. அந்த ரகத்துக்கு அவரிடம் அதுவரை கணக்கு இருந்ததில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டார். 'ஞாபகம் இருக்கு' என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

சென்ற மாதம் ஒரு காலையில் அந்த விதியை அவரே மீறினார்.

ஏறியவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஒற்றை ஆள், இரண்டு பெட்டிகள், மடக்கிய ஒரு கம்பளிப் போர்வை. வீட்டை விற்றுவிட்டு, அடுத்த நகரத்தில் இருக்கும் மகளோடு வாழப் போகிறார். ரயிலில் வரச் சொன்ன மகளிடம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, இவர் வேலை பார்க்கும் டாக்ஸி நிறுவனத்துக்குப் போன் செய்து குறிப்பாக ஓர் ஆளைக் கேட்டிருக்கிறார். பெயர் தெரியவில்லை. "கிளம்புறதுக்கு முன்னாடி பின்சீட்டுல உக்காந்து பாப்பாரே, அவர்" என்றாராம். அலுவலகத்துக்கு அது போதும்.

"எங்களை ஞாபகம் இருக்கா? ஒன்பது வருஷம் ஆச்சு. என் மனைவி முன்சீட்டுல உக்காந்து வந்தா."

கை நெஞ்சுக்குப் போனது. "இல்லாமலா சார்? நல்லா ஞாபகம் இருக்கு. அம்மாவுக்கு வளைவு ஒத்துக்காதே!"

முன்சீட்டைக் கேட்டு வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. பெரிய ஊகமொன்றும் இல்லை. ஆனால் மருத்துவர் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடிக்குள் கண் பளபளத்தது.

"ஆமா. ஒத்துக்காது. அதைக்கூட ஞாபகம் வச்சிருக்கீங்களே" என்றார். பிறகு, "போன வருஷம் தவறிட்டா. ஏரிக்குப் போனதும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். கதவை மெல்லச் சாத்தினார்.

பாலம் வரை ஞாபகம் அண்ணன் நினைவில் தேடிக்கொண்டே ஓட்டினார். எத்தனையோ அம்மாக்கள் அந்த முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மஞ்சள் பை வைத்திருந்தவர், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவர், வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டே வந்தவர். எல்லாரும் கலந்து ஒரே அம்மாவாக வந்து நின்றார்கள். இவர்களில் மருத்துவரின் மனைவி யார்? பாலத்தில் மருத்துவர் இறங்கினார், கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், உடனே திரும்பிவிட்டார். போட்டோ எடுக்கவில்லை. வீட்டிலிருந்து போன் வந்தது. "பாலத்துல" என்றார் இவர். "என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றது போன். பத்தொன்பது ஆண்டில் பேச்சு மாறியது அன்றைக்குத்தான்.

ஏரியில் கூட்டமில்லை. படகுகள் கட்டிக் கிடந்தன. வண்டியை வழக்கமான மரத்தடியில் நிறுத்திவிட்டு டயரைத் தட்டக் குனிந்தவரை மருத்துவர் கூப்பிட்டார்.

"அன்னிக்குப் படகு டிக்கெட் வாங்க நான் வரிசையில நின்னேன். பெரிய வரிசை. இவ இறங்கல, தலை சுத்துதுன்னு முன்சீட்டுலேயே உக்காந்துட்டா. நீங்களும் வண்டிகிட்ட நின்னீங்க. நான் திரும்பி வர்றேன், விழுந்து விழுந்து சிரிச்சிட்டு இருக்கா. கண்ணுல தண்ணி வருது. என்னடின்னு கேட்டா, உங்களைக் கையைக் காட்டி, 'அது எங்களுக்குள்ள'ன்னா. அப்புறம் எத்தனையோ தரம் கேட்டுப் பாத்துட்டேன். சொல்லவே இல்ல. முப்பத்தெட்டு வருஷத்துல நான் அவளை அந்த மாதிரி சிரிக்க வச்சதில்ல, தம்பி. என்ன பேசிட்டிருந்தீங்க?"

'உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிட்டிருந்தாங்க சார்.' பதில் நாக்கு நுனிக்கு வந்து தயாராக நின்றது. அழகான பதில். யாருக்கும் நஷ்டமில்லை.

மருத்துவர் முந்திக்கொண்டார். "ஒரே ஒரு விஷயம். என்னைப் பத்தி நல்லதாச் சொன்னான்னு மட்டும் சொல்லிடாதீங்க. சமாதானத்துக்குப் பேசுறதை நான் உடனே கண்டுபிடிச்சிடுவேன். வாழ்க்கை பூரா நாற்காலியில உக்காந்தவங்ககிட்ட 'வலிக்காது, வலிக்காது'ன்னு சொல்லியே சம்பாதிச்சவன் நான்."

ஞாபகம் அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"வளைவு ஒத்துக்காதுன்னீங்களே?"

"முன்சீட்டுல வர்றவங்க நிறையப் பேருக்கு ஒத்துக்காது சார். அதனால சொன்னேன். எல்லார்கிட்டயும் ஞாபகம் இருக்குன்னுதான் சொல்லுவேன். அம்மா முகம்கூட..."

மருத்துவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏரிக்கரைச் சுவரைப் பார்த்து நடந்தார். முதுகு திடீரென்று வயதானவரின் முதுகாகியிருந்தது.

ஞாபகம் அண்ணன் வண்டியைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது, சாவி உள்ளேயே தொங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

"சார், ஒரு நிமிஷம். அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியும். இங்க இறங்காம வண்டியில உக்காந்திருக்கிறவங்க யாரா இருந்தாலும் நான் ஒரே கதையைத்தான் சொல்லுவேன். வேற கதை என்கிட்ட கிடையாது."

"சொல்லுங்க" என்றார் மருத்துவர், ஏரியைப் பார்த்தபடியே.

"கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரியை ஒரு தரம் இந்த வழியாக் கூட்டிட்டு வந்தேன் சார். காலி வண்டி. ராணி மாதிரி பின்சீட்டுல உக்கார வச்சேன். ஊர் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டா. பாலம் போச்சு, ஏரி போச்சு. கோட்டையையாவது பாக்கட்டும்னு வாசல்ல நிறுத்தி, உலுக்கி எழுப்புறேன். 'ஏய், கோட்டை வந்திருக்கு, எழுந்திரு!' கண்ணைக்கூடத் திறக்கல சார். 'நான் பாத்துட்டேன், நீங்க பாத்துட்டு வாங்க'ங்கிறா! அப்புறம் ஊருக்குப் போய் அக்கம்பக்கமெல்லாம் உக்காந்து கோட்டையைப் பத்தி ஒரு மணி நேரம் சொல்றா. எத்தனை தூண், எவ்வளவு உயரம், எல்லாம்! உள்ளே போன நான்கூட அவ்வளவு சொல்ல மாட்டேன். உள்ளே போகவும் இல்ல, அது வேற விஷயம்."

மருத்துவர் மெல்லத் திரும்பினார்.

"அவங்க என்ன சொன்னாங்க? கண்ணைத் திறக்காம?"

"'நான் பாத்துட்டேன், நீங்க பாத்துட்டு வாங்க'ன்னு."

மருத்துவர் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பயணத்துக்கு அப்புறம், நிலா நல்லா இருக்கு, மொட்டை மாடிக்கு வான்னு கூப்பிடுவேன். படுத்த இடத்துலேருந்தே கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் சொல்லுவா. கல்யாண வீட்டுக்குப் போலாம்னா இது. புதுசா நாற்காலி வாங்கிப் போட்டேன், க்ளினிக்குக்கு வந்து பாருன்னா இது. சொல்லிட்டு அவளே சிரிச்சுக்குவா. எனக்கு ஒண்ணும் புரியாது. கடைசியா ஆஸ்பத்திரியில, வெளியே நல்ல மழை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பாரும்மான்னேன். கண்ணை மூடிக்கிட்டே சொன்னா, நான் பாத்துட்டேன், நீங்க பாத்துட்டு வாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. என்னை வெளியே போகச் சொல்றான்னு நினைச்சேன். கோவிச்சுக்கிட்டுக் கேன்டீன்ல போய் உக்காந்துட்டேன், தம்பி. இந்த ஒரு வருஷமா அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். அவ..."

கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறாரோ என்று இவர் கையை நீட்டினார். மருத்துவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, சத்தம் வராமல், பிறகு சத்தம் போட்டு. படகுக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் மற்றது வந்தது. ஞாபகம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார். அத்தனை வருஷமாக நேரம் கடத்திய ஏரியில் அன்றைக்கு நேரம் போனதே அவருக்குத் தெரியவில்லை.

கோட்டைக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். "பரவாயில்ல, நேரா வீட்டுக்கு விடுங்க" என்றார் மருத்துவர். ஏரியிலிருந்து அவர் முன்சீட்டில்தான் வந்தார். வழியெல்லாம் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மகளின் குடியிருப்பு வாசலில் விளக்குப் போட்டிருந்தார்கள். மகள் படியிறங்கி ஓடிவந்து போர்வையை வாங்கிக்கொண்டாள். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஞாபகம் அண்ணன் உடனே கிளம்பவில்லை.

"சார், அம்மா பேரு என்ன?"

மருத்துவர் சொன்னார்.

ஞாபகம் அண்ணன் அதை இரண்டு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு வண்டியைத் திருப்பினார். மறுநாள் காலை ஒரு குடும்பம் ஏறியது. அந்தச் சாலையில் அவர்களுக்கு அதுதான் முதல் பயணம். ஏறும்போதே ஒவ்வொருவர் பேரையும் கேட்டு வைத்துக்கொண்டார்.