பிரேக் நன்றாகத்தான் இருந்தது

நான் பொய் சொன்னேன். ஓர் இராணுவ அதிகாரியின் முன்னால் நின்று, தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதன் சிறைக்குப் போனான். அவன் குற்றவாளி அல்லன். குற்றவாளி நான்!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் துணிந்தேன். தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்கு இன்றுவரை நா எழவில்லை...

என் பெயர் யூசுப். காரைக்கால்காரன். சைகோன் தென் வியட்நாமின் தலைநகராக இருந்த காலத்தில், அங்கே சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் ஒரு கார்ப் பட்டறை வைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய வண்டிகளை ஓடவைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. கொஞ்சம் என்பது எனக்குப் போதவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

பெரிய சந்தைக்கு அருகே துணிக்கடை வைத்திருந்த சபாபதி முதலாளியிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. நீண்ட மூக்கு, அகன்ற படிகள், பின்னிருக்கையில் தோல் உறை. அவருக்கு அது பிள்ளை மாதிரி. ஆனால் அதன் நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக். மழைக்காலத்தில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் வண்டி நிற்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றை மயிரிழையில் இடிக்காமல் தப்பியபின், முதலாளி என்னிடம் வந்தார்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டுத் தருகிறேன் என்று நானாகச் சொன்னேன். அந்த வேலையை நான் அதுவரை செய்ததில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

விபத்தில் நசுங்கிய ஒரு புதிய காரிலிருந்து டிஸ்க் தட்டுகளையும் அவற்றைக் கவ்வும் பிடிகளையும் சோலோன் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்தேன். அச்சோடு அவற்றை இணைக்கும் தகட்டை நானே வெட்டி, துளையிட்டு, பொருத்தினேன். எவ்வளவு பெருமிதம் எனக்கு! பெடலைத் தொட்டால் போதும், வண்டி கட்டுப்பட்டு நின்றது.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன்... மறந்து விட்டதல்ல. கேளுங்கள்.

டிரம் பிரேக் வண்டிகளில், எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சிறிய வால்வு ஒன்று இருக்கும். காலை எடுத்த பின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதுவே நஞ்சு. மிச்சமிருக்கும் அந்த அழுத்தத்தால் பிரேக் கட்டைகள் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். உரச உரச சூடு. சூடு ஏற ஏற எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் குமிழி. பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் காற்றை மிதிப்பது போலத்தான். ஆறிவிட்டால் குமிழிகள் மறைந்து, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும்.

அந்த வால்வைக் கழற்ற வேண்டும் என்று வேலை முடிந்த அன்றே எனக்குத் தோன்றியது. ஆனால் சிலிண்டரை மறுபடி இறக்க வேண்டும். எண்ணெயை வடிக்க வேண்டும். முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ‘இன்னும் முடியவில்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைக் கொடுத்தேன்.

முதலாளியின் காரோட்டி அந்துவான். அவனும் எங்கள் ஊர்ப் பையன்தான். பாதிரியார் வைத்த பிரெஞ்சுப் பெயர். லான் என்ற வியட்நாமியப் பெண்ணை மணந்து, அங்கேயே வேரூன்றியவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், என்னை ‘நானா’ என்று அழைப்பான்.

சில நாள் கழித்து அவன் பட்டறைக்கு வந்தான். முன் சக்கரத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னான். வைத்த கையைச் சட்டென்று எடுத்தேன். அப்படியொரு சூடு!

“கருகுற வாடையும் வருது நானா. கொஞ்சம் தொறந்து பாருங்களேன்.”

“புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்.”

அவன் நம்பினான். ஏன் நம்பமாட்டான்? ஊர்க்காரன் சொன்னால்? நானோ அன்று முழுவதும் ஒரு நட்டையும் ஒழுங்காகத் திருகவில்லை. நாளை கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், நாளை கழற்றிவிடலாம்... நாளைகள் போய்க்கொண்டே இருந்தன. தெருவில் ஹாரன் ஒலித்தால்கூட அந்தக் கார்தானோ என்று எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் முதலாளி பீங்கான் சாமான் பார்க்க, சைகோனுக்கு வடக்கே இருக்கும் ‘பின் யுவோங்’ என்ற ஊருக்குப் போனார். திரும்பி வரும் வழியில், ஒரு பாலத்தின் இறக்கத்தில் இராணுவச் சாவடி. மணல் மூட்டை, முள்கம்பி, துப்பாக்கியோடு சிப்பாய்கள். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். அந்துவான் பெடலை மிதித்தான். அது அடிவரை போய் ஒட்டிக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்தும் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை.

நிற்காத வண்டியில் வெடிகுண்டு இருக்கிறது என்றுதான் போர் நடந்த அந்நாளில் எந்தச் சிப்பாயும் நினைப்பான். சுட்டார்கள்.

முதலாளிக்குக் கண்ணாடிச் சில்லு கிழித்த காயம் மட்டும். கதவைத் துளைத்த ஒரு குண்டு அந்துவானின் தொடையில் பாய்ந்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே அவனைக் காவலில் வைத்தார்கள். யார் சொல்லிச் சாவடியை உடைக்க வந்தாய் என்று கேட்டார்கள். பிரேக் போய்விட்டது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

வண்டியைச் சோதிக்க மறுநாள் என்னையே அழைத்தார்கள். பிரேக் மாற்றியவன் நான்தானே!

நான் கிளம்புமுன் லான் பட்டறைக்கு வந்துவிட்டாள். கணவனிடம் கற்ற தமிழில் பேசினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவர் பொய் சொல்ல மாட்டார். நீங்க பாத்து, உள்ளதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய ஆசை... ஆனால் அதுவும் உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை.

சாவடி முற்றத்தில் கார் நின்றது. இரவெல்லாம் ஆறிக் கிடந்தது. அதிகாரி என்னை ஏறி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பெடல் கல் போல நின்றது. எனக்கு ஆச்சரியம் இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிரேக் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதுவரை பொய் இல்லை.

அவர் மூடர் அல்லர். சற்று யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

“ஓடும்போது பிரேக் போய், அப்புறம் தானாகவே சரியாக முடியுமா?”

அந்தக் கேள்வி என் காதில் இன்றும் அவர் கேட்ட வியட்நாமிய மொழியிலேயே ஒலிக்கிறது. உண்மை உள்ளே வர ஒரு கதவை அவர் திறந்து வைத்தார். ஒரு சொல் போதும். முடியும் என்றால் போதும்!

“முடியாது,” என்றேன்.

ஏன்? சொன்னால் என்னையே சதிகாரன் என்று பிடிப்பார்களோ என்ற பயம். அந்நியன், பட்டறையைப் பூட்டி விரட்டிவிடுவார்களோ என்ற பயம். இவையெல்லாம் உண்மையான பயங்கள். ஆனால் ஆழத்தில் கிடந்தது வேறு... என் கைவேலை கெட்டுப்போனது என்று நாலு பேர் பேசுவார்களே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருவனின் காலைவிட, அவன் மனைவியின் முகத்தைவிட, அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அந்துவானைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதலாளியும் அவனைக் கைவிட்டார். தூங்கிவிட்டிருப்பான் என்று எல்லாரிடமும் சொன்னார். நான் அருகிலிருந்து கேட்டேன். மறுக்கவில்லை.

கார் பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த வால்வைக் கழற்றினேன். அதன்பின் அந்த வண்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்னும் சிலர் தங்கள் பழைய வண்டிகளைக் கொண்டுவந்து, சபாபதி முதலாளி காருக்குப் போட்டது போலவே வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் வால்வை மறக்காமல் கழற்றினேன்!

வீதியில் லானைத் தொலைவில் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். அவள் ஒருமுறையும் என்னைத் தேடி வரவில்லை. பட்டறை வாசலில் நிழல் விழும்போதெல்லாம் அவள்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பேன்.

அவள் வரவில்லை. அவன் வந்தான்.

குற்றம் எதையும் மெய்ப்பிக்க முடியாமல் வெகுகாலம் கழித்து அந்துவானை விட்டிருக்கிறார்கள். குண்டு பட்ட காலின் எலும்பு வளைந்து கூடியிருந்தது. பட்டறை முழுக்க ஆட்கள். அவர்கள் முன்னால் உண்மையைச் சொல்லி என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டினேன்.

அவன் என்னைத் தனியே அழைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“உள்ள கெடந்து யோசிச்சுப் பாத்தேன் நானா. எங்காலுதான் பெடல்லேருந்து நழுவியிருக்கும். பயத்துல உங்க வேலை மேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

உங்களுக்குப் புரிகிறதா? தன் காலையே நம்பாத மனிதனாக அவனை ஆக்கிவிட்டிருந்தேன். அவன் கண்ணில் நீர் இருந்தது. இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளே ஏதோ அலறியது...

“பரவாயில்ல தம்பி,” என்றேன். “நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கல.”

ஆம், நான் அவனை மன்னித்தேன்! அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இனிமேல் கார் ஓட்டப் போவதில்லை, அதற்குத் தனக்கு அருகதை இல்லை என்றான். பிறகு காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, மெதுவாக வெளியே போனான். நான் அவனைக் கூப்பிடவில்லை.