சிடிக்கு வைத்த சந்தனம்

போன ஞாயிற்றுக்கிழமை, என் நண்பன் பாஸ்கர் எழுதி அனுப்பிய மென்பொருளை என் கம்ப்யூட்டரில் போட உட்கார்ந்தேன். இறக்கியதுமே, இதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை, அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்றேன். திறக்கப் போனால் நீலப் பெட்டி ஒன்று வந்து, எழுதியவர் யாரென்றே தெரியாது என்றது. சேக்காட்டில் அவன் வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்காது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. தன் பழைய மென்பொருளைப் பல வருஷம் கழித்து மறுபடி எழுதியிருக்கிறான். நீ போட்டுப் பார்த்து ஓடுகிறது என்றால் நாலு பட்டறைக்குக் கொடுப்பேன், இல்லையென்றால் இந்த வேலையையே விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

இரும்புக் கம்பியின் விட்டத்தையும் நீளத்தையும் தட்டினால் எடையைச் சொல்லும், அவ்வளவுதான் அந்த மென்பொருள். இதன் முதல் பிரதி வந்த நாளில் நான் பாடியில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாஸ்கர் ஆவடியில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பிளாப்பியிலேயே அடங்கிவிடக்கூடியதுதான். ஆனால் சிடியில் கொடுத்தால்தான் மரியாதை என்று, சாப்பாட்டுப் பையில் வைத்துப் பஸ்ஸில் என் வீட்டுக்குக் கொண்டுவருவான். உறையைப் பிரித்தால் எலுமிச்சை சாத வாசனை அடிக்கும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. என்ன செய்ய, வாங்கி வந்த வரம் அப்படி.

ஆயுத பூஜையன்று போடலாம் என்றார் முதலாளி. லேத்து, டிரில்லிங் மிஷின், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த ஃபோர்மேன் ஏழுமலை, சிடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அதுவும் பளபளக்கிற பக்கத்தில். மறுபக்கம் பேர் எழுதியிருக்கிறதே, அதை மறைக்கக் கூடாதாம். பட்டறைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளியதும் டிரைவ் முக்கி முனகியது. பாஸ்கர் வெளியே எடுத்துப் பார்த்தான்.

"அண்ணாத்தே, பேர் எழுதிகீற பக்கம் வெச்சாலும் சாமி பாக்கும்" என்றான்.

கர்ச்சீப்பால் துடைத்து மறுபடி போட்டான். இரண்டு மூன்று முறை மவுஸைத் தட்டினான், பொரி கைக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பட்டறை மொத்தமும் சுற்றி நின்றது. ஏழுமலை ஒரு துண்டுக் கம்பியை அளந்து சொல்லி, அதையே தராசில் வைத்தும் பார்த்தார்.

"கரீட்டா கீது" என்றார். அன்றைக்கு பாஸ்கர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வைரஸ் தடுப்பை அணைத்து, ஆபத்துக்கு நானே பொறுப்பு என்று கேட்ட இடத்திலெல்லாம் ஒப்புக்கொண்டு, காபி ஆறிப்போன பிறகு ஒருவழியாகத் திறந்தது. எடையும் சரியாக வந்தது. சந்தோஷமாகப் பாஸ்கரைப் போனில் கூப்பிட்டேன். எப்படிப் போட்டாய் என்று கேட்டான். பொய் சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

"நீ என் ஃப்ரெண்டு, போட்டுக்கினே. என்னத் தெரியாதவன் இன்னாத்துக்கு மச்சான் போடுவான்? வுட்டுர்றேன்."

போனை வைத்தேன். அந்த ஆயுத பூஜையன்று, பாடிப் பட்டறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் அவனைத் தெரியாது. வந்து கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. முதலாளி எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார்.