மத்தாப்பைப் பிடித்த கை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். எழுதிக் கேட்டால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தந்துவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், விருதுநகருக்குப் போய் இருப்பதிலேயே பெரிய கேமராவை வாங்கி வந்தவன் நான். கடையில் என்னைத் தவிர ஆளில்லை. நம் தொழிலுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியின் பெட்டி மேல் அச்சடிக்கும் படங்கள் இந்த சீசனும் என்னிடம்தான் வரும், வராவிட்டால் கேமராவை விற்றுவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். மனைவி அதில் பின்பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

முதலாளி கூப்பிட்டார். ஆர்டர்தான் என்று ஓடினேன். அவர் போனை நீட்டி, தானே எழுதிக் கேட்டு வாங்கிய படம் என்றார். கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு. பட்டுப்பாவாடை கட்டிய பெண் ஒருத்தி, எரிகிற முனையைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்கம்பியை வானத்துக்கு நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி, இந்தப் பிள்ளைக்கு இந்நேரம் கை வெந்துருக்குமே" என்றேன்.

திருத்தச் சொல்லி எழுதினார். அவளுக்கு மூன்றாவது கை முளைத்தது. மறுபடி எழுதினார். தரைச்சக்கரம் தலைக்கு மேலே பறந்தது. அடுத்த படத்தில் மத்தாப்பைக் கரும்பு மாதிரி கடித்தாள். எனக்குக் கோயில் கொடைத் திருவிழா பார்த்த சந்தோஷம். கடைசியில் முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எம் மகள நிப்பாட்டி நீங்களே எடுங்க அண்ணாச்சி. நல்லா வந்துச்சுன்னா சீசன் பூரா ஒங்களுக்குத்தான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வெம்பக்கோட்டை அணைக்கரைக்குப் போனோம். முதலாளி, கல்லூரியில் படிக்கும் மகள், கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், பின்னாலேயே பைக்கில் நான். பொன் உருக்கி ஊற்றியது போல வெளிச்சம். மத்தாப்பைக் கொளுத்தத் தீப்பெட்டி கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கம்பெனி வாசலுக்குள் தீப்பெட்டி கொண்டு போகக் கூடாதென்று பழகிய பைகள். ஒன்றிலும் ஒரு குச்சி இல்லை. நாட்டுக்கே பட்டாசும் தீப்பெட்டியும் அனுப்புகிற சீமைக்காரர்கள், ஒற்றை மத்தாப்பை வைத்துக்கொண்டு சூரியன் இறங்குவதைப் பார்த்து நின்றோம்.

நானே பைக்கை எடுத்துக்கொண்டு டீக்கடை தேடிப் போனேன். திரும்பி வந்தபோது வெளிச்சம் போயிருந்தது, கொசு வந்திருந்தது. அந்தப் பெண் முறைத்துக்கொண்டிருந்தாள். கரைக்காற்றில் குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. பற்றாத மத்தாப்போடேயே எடுத்துத் தள்ளினேன். அத்தனை முறைப்பும் புருவ முடி எண்ணுகிற மாதிரி துல்லியமாக விழுந்தது. கேமரா அப்படி.

சில வாரம் கழித்துப் பெட்டி அச்சாகி வந்தது. கை சரியான முனையைப் பிடித்திருந்தது. நெருப்பை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்த்ததாகச் சொன்னார்கள். என் படத்தில் முறைத்தவள் பெட்டியில் சிரித்தாள். பின்னால் பொன் வெளிச்சம். அதையும் கம்ப்யூட்டர்தான் ஒட்டியிருக்கும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். பெட்டியை மனைவி கண்ணில் படும்படி டிவி மேல் நிறுத்திவைத்தேன். தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினேன். பிறகு கம்பெனிக்குப் போய், "என்னதான் சொல்லுங்க மொதலாளி, கடைசியில கேமரான்னு ஒண்ணு வேணும்ல?" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது நீங்க தீப்பெட்டி வாங்கப் போனப்ப நான் போன்ல எடுத்தது."